கண்ணுக்குப் போட்ட ஊசி

2023 ஆகஸ்ட் 9

காலையிலிருந்து மழை. தாராவி சந்தெல்லாம் தண்ணீர். எங்கள் கார்கானாவில் தையல் மிஷின்களைப் பலகை மேல் தூக்கி வைத்தோம். கைப்பை தைப்பது நான், அதை விற்பது என் மனைவி சைனப். இந்த மழையிலும் ஸ்கூட்டரில் காட்கோபர் போய் இரண்டு கடையில் ஆர்டர் வாங்கிவிட்டாள். தலையைத் துவட்டிக்கொண்டே, "மச்சான், ரோட்டு லைட்டெல்லாம் நனைஞ்சு கரைஞ்ச மாதிரி தெரியுது" என்றாள். மழைதானே என்றேன்.

ஆகஸ்ட் 13

மழை விட்டுவிட்டது. லைட்டு இன்னும் கரைந்துதான் தெரிகிறதாம்.

ஆகஸ்ட் 21

செம்பூரில் கண் டாக்டர் ரஞ்சனா. சர்க்கரையால் கண்ணின் உள்திரையில் நடுப்பகுதி வீங்கியிருக்கிறது. ரத்தம் சரியாகப் போகாத கண், குரோத் ஃபேக்டர் என்று ஒன்றை அளவுக்கு மீறிச் சுரக்கிறதாம். அதனால் மெல்லிய குழாய்கள் கசிகின்றன. அதை அடக்க மாதம் ஓர் ஊசி, கண்ணுக்குள்ளேயே.

கண்ணுக்குள்! சைனப் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் வெளியே போய் நின்றேன்.

அக்டோபர் 30

மூன்றாவது ஊசியும் ஆயிற்று. தோல்காரர் கொண்டுவந்த துண்டை வாசலில் பிடித்துப் பார்த்து, "இது நான் கேட்ட கலர் இல்ல பாய், இதுல மஞ்ச ஓடுது" என்று திருப்பிக் கொடுத்தாள். எனக்கே அந்த மஞ்சள் தெரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

2024 ஜனவரி 17

சைனபுக்குக் கால் வீங்கியிருக்கிறது. அமுக்கினால் குழி விழுகிறது. மகள் நுஸ்ரத், தான் வேலை பார்க்கும் லேபிலேயே சிறுநீரைச் சோதித்தாள். "வாப்பா, புரோட்டீன் பஹுத் ஜ்யாதா ஹை." மிக அதிகமாம். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஜனவரி 24

மாட்டுங்காவில் கிட்னி டாக்டர் மகாதேவன். நம் பாஷைக்காரர். பழைய ரிப்போர்ட்டில் கொஞ்சம் புரோட்டீன் கசிவு முன்பே இருக்கிறது, இப்போது பல மடங்கு என்றார். எப்போதிலிருந்து கண்ணில் ஊசி என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த குரோத் ஃபேக்டர் கண்ணுல ஜாஸ்தியானா கெடுதல். ஆனா கிட்னியில வடிகட்டற சின்னச் சின்ன ரத்தக் குழாய் நன்னா இருக்க அதுவேதான் கொஞ்சம் வேணும். கண்ணுல போடற மருந்து துளி ரத்தத்துலயும் கலந்துடறது. சில பேருக்கு அதனால கசிவு கூடலாம்."

"அப்ப ஊசியாலதானா சார்?"

"சொல்ல முடியாது. சர்க்கரையே பண்ணியிருக்கலாம். மூணு மாசம் நிறுத்திப் பார்க்கலாம்னு தோணறது."

ஜனவரி 29

நிறுத்தினால் வீக்கம் திரும்ப வரும் என்கிறார் ரஞ்சனா மேடம். லேசர் இந்த இடத்துக்கு அவ்வளவு உதவாது. ஸ்டீராய்டு ஊசி போடலாமென்றால், கண்ணில் அழுத்தம் ஏற்கெனவே அதிகம், அது இன்னும் கூட்டிவிடும். என் எதிரிலேயே மகாதேவன் டாக்டருக்குப் போன் செய்தார். இருவரும் மரியாதையாக, பொறுமையாகப் பேசினார்கள். கடைசியில் மேடம், "வீட்ல யோசிச்சு நீங்களே சொல்லுங்க" என்றார்.

நானா? பை தைக்கிறவன். இதில் என்னத்தை யோசிக்க? யோசித்தால் தெரிந்துவிடுமா?

பிப்ரவரி 2

நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டேன். சைனப், "உங்க இஷ்டம் மச்சான்" என்றாள். அவள் எதற்கும் அப்படிச் சொல்கிறவள் இல்லை.

மார்ச் 26

நோன்பு மாதம். அவள் நோன்பு வைக்கக் கூடாதென்று டாக்டர் தடுத்துவிட்டார். எங்களுக்காகக் கஞ்சி காய்ச்சுகிறாள். கால் வீக்கம் வற்றியிருக்கிறது, புரோட்டீனும் குறைந்திருக்கிறது. ஊசியை நிறுத்தியதாலா என்று ஆசையாகக் கேட்டேன். "மாத்திரையும் மாத்தியிருக்கேனே. எதனாலேன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார் மகாதேவன்.

வீட்டுக்கு வந்தால், அவள் எனக்கு வைத்த கஞ்சியில் பாதி கிண்ணத்துக்கு வெளியே.

ஏப்ரல் 18

சயான் சிக்னல் தாண்டி ஒரு கைவண்டியில் ஸ்கூட்டரை மோதிவிட்டாள். முட்டியில் தையல், முன்பல் ஒன்று போயிற்று. வண்டிக்காரருக்கு ஒன்றுமில்லை, அல்லாஹ் காப்பாற்றினான்.

"அந்த எடத்துல வண்டியே இல்ல மச்சான். சத்தியமா இல்ல. வெறும் சாம்பலா இருந்துச்சு."

நிறுத்தச் சொன்னது நான். நிறுத்தாமல் இருந்திருந்தா கிட்னி போயிருக்கும்... போயிருக்குமா? யாருக்குத் தெரியும்? என்னதான் செஞ்சிருக்கணும் நான்? யாராவது சொல்லித் தொலைங்களேன்.

ஏப்ரல் 19

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 25

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்: "நான் திரும்ப ஊசி போட்டுக்கிடுதேன்."

நுஸ்ரத் தட்டைத் தள்ளிவிட்டாள். "உம்மா, கிட்னி போயிட்டா தெரியுமா என்ன ஆகும்னு? பாகல் ஹோ க்யா? பைத்தியமா ஒங்களுக்கு?"

"தெரியும்டி. கிட்னி போனா மிஷின் இருக்கு. கண்ணு போனா என்ன இருக்கு? ஒங்க வாப்பா கையப் புடிச்சுக்கிட்டு நடக்கணும். இவ்வளவு நாளும் நானாப் போயி நானா வந்தவ. என்னால ஆகாது."

நுஸ்ரத் அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள். "வாப்பா, ஆப் குச் போலோ, நீங்களாவது ஏதாவது சொல்லுங்க."

எழுந்து கை கழுவப் போனேன். போன தடவை சொன்னேனே, போதாதா?

மே 6

ரத்தத்தில் குறைவாகக் கலக்கும் வேறு மருந்து, இடைவெளி விட்டுப் போடுவது. இரண்டு டாக்டரும் ஒத்துக்கொண்டார்கள். கசிவையும் பிரஷரையும் அடிக்கடி பார்க்க வேண்டும். சைனப் இன்று ஊசி போட உள்ளே போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 11

வலது கண் தெளிந்துவிட்டது. இடது கண் முக்கால்வாசி. கால் மறுபடி வீங்குகிறது. பார்க்காத மாதிரி இருக்கிறேன், அவளும் புடவையை இழுத்து மூடிக்கொள்கிறாள்.

நவம்பர் 20

கிட்னியின் சக்தி வேகமாக இறங்குகிறது. டயாலிசிஸுக்குக் கையைத் தயார் செய்துகொள்ளச் சொல்கிறார் மகாதேவன். சைனப் வெளியே போன பிறகு கேட்டேன்: "ஊசி போடாம இருந்திருந்தா சார்?"

"கொஞ்ச நாள் தள்ளிப் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். நிஜமாவே எனக்குத் தெரியலை, ரவூப் பாய்."

அவர் பொய் சொன்னாலாவது நம்பிக்கொண்டு இருந்திருப்பேன்.

2025 பிப்ரவரி 13

சைனபுக்கு இடது கையில் ஆபரேஷன் முடிந்தது. இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். என் உள்ளங்கையை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்தாள். உள்ளே விர்ரென்று ஓடுகிறது. "தெரியுதா?" என்று சிரித்தாள். கையை எடுத்துக்கொண்டேன்.

மே 2

சைனபுக்கு வாந்தி. சோறு இறங்கவில்லை.

ஜூலை 8

டயாலிசிஸ் இன்று ஆரம்பம். இனி வாரம் மூன்று முறை. அவள் ரத்தம் குழாய் வழியே மிஷினுக்குப் போய்த் திரும்புவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் — திரையில் ஓடும் எண்களை, நர்ஸின் கம்மலை, எதிர்ப் படுக்கை அம்மாளின் காலடியில் கிடந்த ரெக்ஸின் பையின் பிரிந்த தையலை.

"மச்சான், இங்க வாங்க."

பதறிப்போய் எழுந்தேன்.

"சட்டையில பித்தான மாத்திப் போட்டிருக்கீங்க. மேல இருந்து கீழ வரைக்கும்."

அவிழ்க்கப் பார்த்தேன். விரல் ஓடவில்லை. இடது கையை அவள் அசைக்கக் கூடாது. வலது கையாலேயே என்னைக் கிட்டே இழுத்து, ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள்.