முனியனின் எடை

1952, ஐப்பசி, செவ்வாய் இரவு. நியாலாஸ்.

யாரும் நம்பாத கதையைச் சத்தியம் செய்து எழுதுகிறேன்.

அக்கா மகன் முனியன் தென்னை உயரம், ஈர்க்குச்சி எடை. இன்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் அவனை ரப்பர் பால் நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்து, "இந்த உயரத்துக்கு இந்த எடை பத்தாதே," என்றார்.

பக்கத்தில் நின்ற போலீஸ் சார்ஜன் அதைப் பிடித்துக்கொண்டார். "ரேஷன் அரிசிய யாருக்குடா குடுக்குற? காட்டுல இருக்கிற கம்யூனிஸ்ட்டுக்கா?"

முனியன் வாய் திறக்குமுன் நான் முந்தினேன். "ஐயா, இவன் வயித்துல ஒரு புழு இருக்கு. தலை தம்பின் டவுன்ல, வாலு இங்க நியாலாஸ்ல. அரிசியெல்லாம் அதுதான் திங்குது."

சார்ஜன் சிரித்து, "போதும்லா, கூட்டிட்டுப் போ," என்றார்.

புழு பொய். வயிற்றில் ஏதோ இருப்பது மட்டும் நிஜம். கட்டி கையில் தட்டுப்படுகிறதென்று டிரெஸர் பிறகு என்னிடம் சொன்னார். முனியனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.