பின் சக்கரத்தில் ஒரு வெள்ளைக் கோடு

4.3.1986, செவ்வாய்

ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் எதையும் இலக்கமிடாமல் தொடங்க எனக்கு வரவில்லை. சைக்கிள் விஷயமாக இனி இங்கே எழுதப் போவது இந்த மூன்றைப் பற்றித்தான்:

1. பிரேக்கை நம்புவதற்கில்லை.
2. பின் சக்கரத்தோடு இறுகப் பிணைந்த பல்சக்கரம் போட்டால், சக்கரம் சுற்றும்வரை மிதியும் சுற்றும். காலால் மறித்தால் வண்டி நிற்கும். காலை நம்பலாம்.
3. என் மனைவி கமலாம்பிகை இதை நடக்க விடமாட்டாள்.

முதலாவதற்குச் சாட்சி என் முழங்கால். போன மாதம் மழையில், மெக்காலிஸ்டர் ரோட்டில், இரண்டு பிரேக்கும் வழுக்கி ஒரு டிரைஷா ரிக்‌ஷாவின் பின்னால் போய் மோதினேன். அன்றிலிருந்து மனைவிக்கு ஒரே பேச்சு. "அந்தச் சைக்கிளை ஆருக்காவது குடுத்துவிடுங்கோ. இந்த வயசில உங்களுக்கு என்ன ரேஸ்?"

கொடுத்துவிட்டால்? கார் ஓட்டப் பழகவில்லை. பஸ் நெரிசல் பயம். காலையில் தண்ணீர்மலைக் கோயில்வரை போய்வருவது ஒன்றுதான் நான் யாரையும் கேட்காமல் செய்வது. அதுவும் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பரை இரண்டாம் தரம் படிக்க வேண்டியதுதான்.

8.3, சனி

காஜா மொய்தீனின் சைக்கிள் கடையில் வேலை முடிந்தது. கியர், அதன் கம்பி, லிவர் எல்லாம் கழன்று ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டன. சங்கிலியைக் குறுக்கினான். ரேஸ் ஓட்டிய எவனோ விட்டுப்போன பல்சக்கரத்தைப் பின் சக்கரத்தின் மரையில் திருகி இறுக்கினான். பழைய இரும்புச் சட்டம். அச்சை முன்பின் நகர்த்தச் சங்கிலி சரியாக நின்றது. பிரேக்குகளையும் கழற்றச் சொன்னேன்.

"அண்ணே, முன் பிரேக்காச்சும் இருக்கட்டும்லா."

"வேண்டாம்."

"உங்க இஷ்டம். அக்கா வந்து என்னைய ஏசக்கூடாது."

அவனை அவள் ஏற்கெனவே கண்டு பேசிவிட்டாளோ?

9.3

ஓடுகிறது! மிதி காலைத் தூக்கிக் கொண்டுபோகிறது. ஆனால் வேகம் கூடும்போது கால் தானாக மறிக்கிறது.

13.3, வியாழன்

தண்ணீர்மலையிலிருந்து இறங்கும்போது காலால் மறித்தேன். மிதி திடீரென்று வெறுமையாகப் பின்னால் சுழன்றது. புல்தரைப் பக்கம் திருப்பி எப்படியோ விழாமல் நின்றேன். பல்சக்கரம் தளர்ந்திருந்தது.

உருட்டிக்கொண்டே காஜாவிடம் போனேன். மறுபடி இறுக்கிக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "மிதிக்க மிதிக்க இறுகுற மரை இது. தானா எப்படிண்ணே கழலும்? யாராச்சும் நோண்டினாங்களா?"

அதைத்தான் நானும் வழி முழுக்க யோசித்தேன். மிதித்தால் இறுகும். தானாகக் கழல வழியில்லை. ஆகவே யாரோ ஒருவரின் கை.

16.3, ஞாயிறு

அப்புத்துரை அக்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்தான். கமலாம்பிகையின் தம்பி, ரெயில்வே பட்டறையில் ஃபோர்மனாக இருந்தவன். இரும்பில் அவனுக்குத் தெரியாதது இல்லை.

"அத்தான், சர்க்கஸில சேரப் போறியளாம்? ஒரு சக்கரத்தையும் கழட்டிவிட்டால் சேர்த்துக்கொள்ளுவாங்கள்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு இருவரும் சமையலறையில் மெதுவாகப் பேசினார்கள். நான் தண்ணீர் எடுக்கப் போனதும் பேச்சு நின்றது. போகும்போது அவன் ஸ்டோர் அறைக்குள் எட்டிப் பார்த்தான். என் சைக்கிள் நிற்கும் இடம்.

18.3, செவ்வாய்

மறுபடி தளர்வு. அதே இறக்கம். இந்தத் தடவை ரோட்டோரக் கால்வாய்வரை போய்விட்டேன். முழங்கை சிராய்ப்பு. சட்டைக் கையை இழுத்து மறைத்திருக்கிறேன்.

மத்தியானம் அவள் பக்கத்தில் வந்தபோது கையில் மண்ணெண்ணெய் மணம். சமைப்பது கேஸ் அடுப்பில். மண்ணெண்ணெய் எதற்கு? கிரீஸ் பட்ட கையைக் கழுவவா?

என் மனைவியைப் பற்றியா இப்படி எழுதுகிறேன்? ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

20.3

ஸ்டோர் அறைக்குப் பூட்டுப் போட்டேன். சாவி என் இடுப்பில்.

22.3, சனி

"அரிசி வாளி உள்ளுக்குக் கிடக்குது. சோறு போடவும் உங்களிட்டக் கேக்கோணுமோ?" என்றாள்.

இரண்டு நாள் நாக்கில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "என் சைக்கிளைத் தொட்டனியோ?"

"தொட்டன். குறுக்க நிண்டுது. தள்ளி வைச்சன்."

"ஸ்பானர் எடுத்தனியோ? இல்லாட்டி உன்ர தம்பியோ? நான் விழுந்தால் உங்களுக்கு நல்லதெண்டு..."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மண்ணெண்ணெயையும் கேட்டேன். அவள் கையிலிருந்த வெறும் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

23.3

ஃபெரி ஏறித் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். மேசையில் சோறும் கறியும் மூடியிருந்தது. அரிசி எங்கே எடுத்தாள்? பக்கத்து வீட்டில் கடன் வாங்கியிருப்பாள். அவமானம்! எனக்கா, அவளுக்கா?

25.3, செவ்வாய்

இனி ஒழுங்காகச் சோதிப்பது. பல்சக்கரத்தை மீண்டும் இறுக்கி, அதற்கும் சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தேன். காயட்டும். யார் தொட்டாலும் கோடு முறியும்.

26.3, புதன்

காலையில் பூட்டைத் திறந்தேன். கோடு நேர். தண்ணீர்மலைக்குப் போனேன். கோயில் படியருகே பார்த்தேன். நேர். இறக்கத்தில் வழக்கம்போல் மறித்து மறித்து வந்தேன். வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தேன். கோடு இரண்டாக விலகி நின்றது.

வண்டி என் கையை விட்டுப் போகவில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லை.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மிதியை முன்னே தள்ளினால் இறுகுகிறது. பின்னே தள்ளினால் - கழலுகிறது! எவ்வளவு லேசாக! மிதித்தால் இறுகும் என்று மட்டும் கணக்குப் போட்டேன். மறித்தால் என்னாகும் என்று கேட்கவே இல்லை. காஜாவும் கேட்கவில்லை. வேகத்துக்குப் பயந்து மிதிப்பதைவிட மறிப்பதே அதிகம் செய்கிறவன் நான். என் காலே கழற்றியிருக்கிறது.

சட்டை மாற்ற அலமாரியைத் திறந்தேன். சங்கிலிக் கறை பட்ட என் சாம்பல்நிறக் காற்சட்டை இஸ்திரி போட்டு மடித்திருந்தது. கறை இல்லை. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் லேசாக மண்ணெண்ணெய்.

27.3, வியாழன்

காஜா முன் பிரேக்கைத் திரும்பப் பூட்டினான், புதுக் கட்டைகளோடு. பல்சக்கரம் கழலாதபடி அதற்கு வெளியே இன்னொரு வளையத்தையும் திருகி நெருக்கினான்; நான் வெள்ளைக் கோட்டைப் புதிதாக இழுத்தேன். "இனிமே பிரேக்கைப் புடிங்கண்ணே, காலோட மல்லுக்கட்டாதீங்க."

சைக்கிளோடு ஃபெரி ஏறினேன். அப்புத்துரைதான் கதவைத் திறந்தான். போன தடவைபோல் பகிடி எதுவும் விடவில்லை. அது இன்னும் கஷ்டமாயிருந்தது. அவளிடம் கோட்டைக் காட்டி எல்லாம் சொன்னேன். சாவியையும் நீட்டினேன்.

"அண்டைக்கு அவனோட குசுகுசுத்தது உங்கட முழங்காலைப் பற்றித்தான்" என்றாள். "நீங்கள் டொக்டரிட்ட வரமாட்டியள் எண்டு." பிறகு, "எனக்கு இது சுலபமா மறக்காது."

"தெரியும்" என்றேன்.

சாவியை வாங்கவில்லை.

30.3

வந்துவிட்டாள். சாவியை மேசையில் வைத்தேன்.

5.4.1986, சனி

விடிய எழும்பினால் மேசையில் சாவி இல்லை. ஸ்டோர் அறையில் லைட் எரிந்தது. கமலாம்பிகை குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.

"கோடு நேராத்தான் கிடக்குது" என்றாள், என்னைத் திரும்பிப் பாராமலே. "பிரேக்கைப் பிடிச்சுப் பாருங்கோ. பாத்துட்டுப் போயிட்டு வாங்கோ."

காலை நம்பலாம் என்ற இரண்டாவதைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். முதல் பக்கத்தில் மூன்றாவதாகக் கமலாம்பிகையைப் பற்றி எழுதியது தவறு.