மரச்சீனிப் பசையும் மேரிக்குட்டியின் ரோஜாவும்

1954 ஜூன் 29

யோசுவா என்றொரு மாணவன். நாலாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து கேட்டான்: "அசையாம ஒட்டிக்கிட்டு கெடக்கியதுக்கு உயிரு உண்டா சார்?" கிணற்றுச் சுவரில் இருந்த நத்தையைக் காட்டி அவனை உட்கார வைத்தேன். இன்றைக்குக் கேட்டிருந்தால் இன்னும் நல்ல உதாரணம் காட்டியிருப்பேன்.

வராந்தாவில் என் மனைவி மேரிக்குட்டியின் வெள்ளை ரோஜாச் சட்டிகள் ஆறு. தண்டெல்லாம் சுண்ணாம்பு தெறித்ததுபோல் இருந்தது. வெள்ளையடித்தவனைத் திட்டிக்கொண்டே ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டியபோது வெள்ளை ஓடு கழன்று, அடியில் சிவப்பாக ஒரு பொட்டு. நசுக்கினால் ஈரம். செதில்பூச்சி!

அவள் எங்கள் மகள் ஜெம்மாவின் பிரசவத்துக்குத் திருவனந்தபுரம் போயிருக்கிறாள். செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள். அன்று கோயில் பீடம் அலங்கரிக்கும் சீட்டு இந்த வருடம் எங்கள் வீட்டுக்கு விழுந்திருக்கிறது. சீட்டு விழுந்த வீட்டார் தங்கள் முற்றத்துப் பூவைத்தான் வைக்க வேண்டும் என்பது எங்கள் பங்குக் கோயிலின் வழக்கம். முன்பொரு வீட்டார் விலைக்கு வாங்கி வைத்தார்கள். அந்த வீட்டுக்கு இன்றும் 'சந்தைப்பூ வீடு' என்றுதான் பெயர்.

பஸ் ஏறும்போது சொன்னாள்: "நீங்க பட்டினி கெடந்தாலும் கெடங்க. என் ரோசாவுக்கு ஒண்ணும் வந்திரப்பிடாது."

ஜூலை 2

வேலிக்கு அப்பால் பொன்னப்பன். ரயில்வேயில் கொடி காட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஐக்கிய கேரளக்காரர். நான் எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்கிறவன். தினமும் மாலையில் சண்டை போடுவோம், பிறகு பத்திரிகையை மாற்றிக்கொள்வோம்.

"மண்ணெண்ணெய் அடியும் சாரே. மூட்டைப்பூச்சியே போவுது, இது போவாதா?"

ஒரு சட்டிக்கு மட்டும் அடித்தேன். சாயங்காலத்துக்குள் இலையெல்லாம் கறுத்துவிட்டது. கட்டிலுக்கு இலை கிடையாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

மிச்சம் ஐந்து.

ஜூலை 6

கஞ்சி போட்ட வேட்டி காய்ந்தபின் மடித்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். வேட்டியில் ஒட்டிய தூசும் அதனோடு போகும். அப்படியானால் பூச்சியின் மேல் கஞ்சியைப் பூசிக் காயவிட்டால்? மூச்சும் முட்டும், உரிக்கும்போது கூடவே கழன்றும் வரும். கஞ்சியைவிட மரச்சீனிக் கிழங்கு மாவுப் பசை கெட்டி. ஒரு வாளி காய்ச்சினேன்.

பூசுவதற்குத் தோதான பிரஷ் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. என் சவர பிரஷ்.

ஜூலை 8

மழை. பசை காயவில்லை. ஒரு தண்டு மட்டும், சுவர் ஓரமாய் இருந்தது, காய்ந்திருக்கிறது.

மேரிக்குட்டியின் தம்பி ராஜதாஸ் வந்தான். தமிழ்நாட்டு இணைப்புப் போராட்டத்தில் இருக்கிறவன், போலீஸ் தேடுகிறது என்று வீடு மாறி மாறிச் சாப்பிடுகிறான். தேடாதபோதும் அப்படித்தான் சாப்பிட்டான். வாளியைக் கண்டு முகம் மலர்ந்துவிட்டது.

"அத்தான்! நீங்களும் எறங்கியாச்சா?"

"எலே, அது செடிக்குப் போடுறதாக்கும்."

"செடிக்குத்தான், செடிக்குத்தான்" என்று கண்ணடித்தான். பாதியை ஊற்றிக்கொண்டு போனான்.

ஜூலை 10

சவரம் செய்து நாளாயிற்று. பிரஷ்ஷில் பசை கல்லாகிவிட்டது. கண்ணாடியில் யாரோ ஒரு தீவிரவாதி நிற்கிறான்.

ஜூலை 11

காலையில் பிரஷை வெந்நீரில் ஊறவைத்து, ஐந்து சட்டிக்கும் மறுபடி பூசிக்கொண்டிருந்தேன். படியில் பூட்ஸ் சத்தம். கான்ஸ்டபிள் மோகனன். என் மதிலின் வெளிப்பக்கம் 'தமிழ்நாட்டோடு இணைத்திடு' என்று ஆள் உயரச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறதாம். அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"இதெந்தா சாரே?"

"பசை."

"பசை. பிரஷும் உண்டு. தாடியும் உண்டு." ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். "ஒட்டினது ஆரு?"

"இது ரோஜாவுக்குப் பூசுறது மோகனா."

"சாரே, நான் போலீசாக்கும். மண்டன் இல்ல."

கோபப்பட்டு என்ன பயன்? பலகையில் எழுதிக் காட்டினால் புரியாதது, கையில் கொடுத்தால் புரியும். சுவரோரத் தண்டில் காய்ந்திருந்த பசையை உரித்து, என் பூதக்கண்ணாடியோடு கொடுத்தேன். உள்பக்கத்தில் பூச்சிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. மோகனன் தொப்பியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"அய்யோ, எங்க வீட்டு நாரங்காயிலும் இதே சாதனம் உண்டு சாரே!"

ஆனாலும் கடமை இருக்கிறதல்லவா? சுவரொட்டியைக் கிழித்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் என் பசையோடு ஒப்பிட வேண்டும் என்றார். இந்தத் தாலுகாவில் எந்தப் பசை மரச்சீனி இல்லை என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனேன். மதிலில் சுவரொட்டி இல்லை. பொன்னப்பனின் வெள்ளாடு நின்றது. 'தமிழ்' போய்விட்டது, 'நாட்டோடு' போய்விட்டது, வாயில் 'இணை' தொங்கியது.

சாட்சிப்பொருளை ஆடு விழுங்குவதை நாங்கள் இருவரும் மரியாதையாகப் பார்த்து நின்றோம். மோகனன் தன் வீட்டு எலுமிச்சைக்கு ஒரு சிரட்டை பசை வாங்கிக்கொண்டு போனார்.

நல்ல காரியத்தை உடனே பாராட்ட வேண்டும் என்பது வகுப்பறையில் நான் கண்டது. வாளியில் ஒட்டியிருந்த மிச்சத்தை வராந்தாவில் வைத்து ஆட்டுக்குக் கொடுத்தேன். நக்கி முடித்துவிட்டு என்னை நன்றியோடு பார்த்தது. அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜூலை 14

வெயில்! பசை காய்ந்து வெடிக்கிறது. உரிக்க உரிக்கப் பூச்சி வருகிறது. ஒரு தண்டை முடித்தேன், வெல்லம் தின்றதுபோல் இருந்தது. மற்றதைக் கஞ்சி குடித்துவிட்டு வந்து செய்யலாம் என்று

ஜூலை 15

நேற்று எழுதியதை முடிக்க முடியவில்லை. கஞ்சி குடித்துவிட்டு வந்தேன். ஆடு. ஐந்து சட்டியிலும் முழம்கூட இல்லை, குச்சி குச்சியாக நிற்கிறது. முள்ளையும் விடவில்லை. பசை ருசியைக் காட்டிக் கொடுத்தவன் யார்? வீட்டுக்குள் கூப்பிட்டு ஊட்டியவன் யார்?

பொன்னப்பனிடம் கத்தினேன். "நல்ல ஆடு வளக்கேரு வேய்! கொண்டுபோயி சட்டசபையில கட்டும்!"

"வேலியை அடைக்காதது ஆரு? ஒங்க கட்சிக்கு எல்லை வேணும், ஒங்க வீட்டுக்கு வேண்டாமோ?"

சரியாகத்தான் கேட்டார். அதுதான் கூடுதல் கோபம். பத்திரிகை மாற்றவில்லை.

ஜூலை 17

மேரிக்குட்டியின் கடிதம். பேத்தி பிறந்திருக்கிறாள். கடைசி வரியில், "ரோசா எப்படி?"

நலம் என்று எழுதினேன். பேத்தியைப் பற்றி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 19

வேலியோரத்தில் ஒரு கூடை ஆட்டுப் புழுக்கை. குறிப்பில்லை, ஆளில்லை. சட்டிகளில் உரமாகப் போட்டேன்.

தின்றதைத் திருப்பிக் கொடுத்தார் என்றுதான் கணக்கு.

ஜூலை 28

குச்சிகளில் செம்பு நிறத்தில் துளிர். அடித்தண்டில் மட்டும் கொஞ்சம் பூச்சி. தேங்காய்ச் சவுரி நாரைச் சோப்புநீரில் நனைத்துத் தேய்த்தேன். மேலே இருந்த கூட்டமெல்லாம் ஆட்டின் வயிற்றோடு போயிற்று. ஏன் எனக்குத் தோன்றவில்லை? பேன் விழுந்த தலைக்கு மொட்டை அடிப்பதில்லையா?

ஆனால் பூக்குமா? நாள் இருக்கிறதா?

ஆகஸ்ட் 12

நேற்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்களைப் போலீஸ் சுட்டுவிட்டது. ராஜதாஸைக் காணவில்லை. செடிப்பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 14

பொன்னப்பன் வந்தார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அல்ல, படியேறி. "சாரே, பயல் ஆரியங்கோட்டுல என் அக்கா வீட்டுல உண்டு. ரப்பர் காட்டுல. சோறு திங்கான், பயப்படாண்டாம்." கொஞ்சம் பொறுத்து, "ரொம்பத் திங்கான்" என்றார்.

போகும்போது பத்திரிகையை வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 27

மொட்டு!

செப்டம்பர் 4

மேரிக்குட்டி வந்தாள். பெட்டியை வைக்குமுன் சட்டிகளிடம் போனாள். ஆறில் ஒன்றைக் காணோம் என்பதைக் கண்டாள். குட்டைச் செடிகளைச் சுற்றி நடந்தாள். நான் தொண்டையைக் கனைத்தேன்.

"ஆரு வெட்டினது?"

எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்து பக்கத்தில் போனேன். சிரிப்பு.

"இத்தன வருசமா வெட்டுங்க வெட்டுங்கன்னு சொன்னேன். மனசு கேக்கல்லன்னு சொல்லி வெட்டமாட்டீங்க. அந்த ஆட்டுக்கு உள்ள வெவரம்!" பிறகு மொட்டுகளைப் பார்த்து மெல்லச் சொன்னாள். "பத்தாதே."

செப்டம்பர் 8

பத்தவில்லைதான். பீடம் முழுவதற்கும் வைக்க முடியாது. மாதாவின் காலடியில் மட்டும் வைத்தாள். சுற்றிலும் எங்கள் தென்னையின் குருத்தோலை. எனக்கு அழகாகத்தான் இருந்தது.

பூசை முடிந்ததும் ஒருத்தி நீட்டி முழக்கினாள். "என்ன மேரிக்குட்டி, பூவ எண்ணி வச்ச மாதிரி இருக்கு?"

"எண்ணித்தான் வச்சேன் மக்கா. ஒண்ணுகூட சந்தைப்பூ இல்ல."

முழங்காலில் இருந்தபோது, மாதாவின் இடதுபக்கத்து ரோஜாக் காம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. நகத்தை நீட்டினேன். மேரிக்குட்டி தொடையில் கிள்ளிவிட்டாள். பூச்சி திருநாள் முழுவதும் பீடத்திலேயே இருந்தது.

வெளியே பொன்னப்பன் நின்றார், ஆட்டையும் பிடித்துக்கொண்டு. "இதுக்கும் பார்க்க ஆசை உண்டு சாரே."

1956 நவம்பர் 4

எல்லைக் கோடு விழுந்துவிட்டது. விளவங்கோடு வரை சென்னை ராஜ்யம். பாறசாலையும் நாங்களும் கேரளம். பொன்னப்பன் பாயசம் கொண்டுவந்தார். குடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இரண்டு டம்ளர் குடித்தேன்.

ராஜதாஸ் மார்த்தாண்டத்தில் குடியேறியிருக்கிறான். இன்று மேரிக்குட்டி ஒரு ரோஜாச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அவன் வீட்டுக்குப் போனாள். அவளிடம் சொல்லிவிட மறந்துபோனேன். அவன் கொண்டுபோய்த் தன் செடிகளுக்கு நடுவில்தான் வைப்பான். இதை வாசிக்கிறவர் யாரானாலும் செய்து பாருங்கள்: புதுச் சட்டி வந்தால், பூச்சி இல்லை என்று தெரியும்வரை மற்றதோடு சேர்க்காமல் ஒரு மாதம் தனியே வையுங்கள்.