லுவீனியாவின் மகள்

டெட்ராய்ட்
மார்ச், 1957

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

நேற்று என்ன நடந்தது தெரியுமா! ஊரே கைகாட்டும் எங்கள் செங்கல் சர்ச்சின் நிலவறையில்தான் நூறு வருடத்துக்கு முன் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களை ஒளித்து வைத்திருந்தார்கள். ஆற்றைக் கடந்துவிட்டால் கனடா, விடுதலை. அந்த நினைவாக, வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையார் எல்லாரும் விளக்கை அணைத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருப்பார்கள். தெற்கிலிருந்து புதிதாக வந்த ஒருவர் கதவைத் தட்ட வேண்டும். இந்த வருடம் நான்!

வந்த நாளிலிருந்து கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பவள். இதையாவது சரியாகச் செய்துவிட வேண்டுமே என்றிருந்தது. தட்டினேன்.

"யாரது?" சபை ஊழியர் டீக்கன் புரூயிட்டின் குரல்.

"ஒரு நண்பர் அனுப்பினார்" என்று அந்தக் காலத்து அடையாளச் சொல்லைச் சொல்ல வேண்டும். வாயில் வந்ததோ நம் மோபில் ஊர்ப் பழக்கம்.

"நான்தாங்க, லுவீனியா மக!"

எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"எந்த லுவீனியா?"

"மோபில் லுவீனியாங்க. துணி தைப்பாங்களே..."

"அட, நம்ம லுவீனியா மகளாம்! கதவத் தொறங்கய்யா, புள்ள குளிர்ல நிக்குது!" என்றது ஒரு பெண்குரல்.

இருட்டில் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவருக்கும் உன்னைத் தெரியாது, அம்மா. கதவு திறந்தது.

என் பழைய போர்வையை அனுப்பு, கொஞ்சம் நம் ஊர் பீக்கன் மரத்துப் பருப்பும். பார்சல் மேல் உன் பெயரைப் பெரிதாக எழுது. பிரிக்காமல் கொஞ்ச நாள் அந்தப் பெயர் தெரியும்படி மேசைமேல் வைத்திருப்பேன்.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்,
தெல்மரீ