டிரெய்லரைத் துடைத்தது போதும்

ஏங்க, நீங்கள் இன்னொரு டப்பா பாலீஷ் வாங்கப் போயிருப்பதாகப் பெரியவள் சொன்னாள். அதனால் இதைப் படகு ஏற்றும் டிரெய்லரிலேயே ஒட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். ஃபிரிட்ஜில் ஒட்டினால் உங்கள் கண்ணில் படாது.

மூன்று வாரமாக அந்த அலுமினியச் சட்டத்தைத் தேய்க்கிறீர்கள். என் வெளியூர் மாற்றலைப் பற்றிப் பேச்செடுத்தால், "தேய்க்கிற துணி கறுக்காம வரட்டும்டி, அப்புறம் உக்காந்து பேசலாம்" என்கிறீர்கள். நேற்று பாலீஷ் கடைக்காரரிடம் கேட்டேன். "தேய்க்கிற வரைக்கும் கறுக்கத்தான்கா செய்யும். அழுக்கெல்லாம் எப்பவோ போயிருக்கும், இப்ப வர்றது அலுமினியம். அண்ணன் டிரெய்லரையே கரைச்சிடப் போறாரு" என்று சிரித்தார்.

இத்தனை வருஷம் படகு வைத்திருப்பவருக்கு இது தெரியாதா என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. கோபம்கூட வரவில்லை, அசதியாக இருந்தது.

சட்டத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெழுகு பூசிவிடுங்கள். சும்மா விட்டால் உப்புத்தண்ணீர் பட்டதும் மறுபடி வெள்ளை பூத்துவிடும்.

மாற்றல் வேண்டுமா வேண்டாமா என்று நாளை காலை நான் ஆபீசில் சொல்லியாக வேண்டும். இன்று ராத்திரி பேசியே ஆகணும். நீங்கள் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, நானாக முடிவெடுத்துப் போனேன் என்று ஆகிவிடக் கூடாது.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. சின்னவளை டியூஷனிலிருந்து நீங்கள்தான் கூட்டி வர வேண்டும். விரல் வெடிப்புக்குக் களிம்பு குளியலறையில் இருக்கிறது.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். போகாதே என்று சொன்னால் கோபித்துக்கொள்வேன் என்று பயமா? சொல்லித்தான் பாருங்களேன். கல்யாணமானதிலிருந்து உங்களுக்காக என்று என்னிடம் நீங்கள் ஒன்றுமே கேட்டதில்லை.