உன் அண்ணனின் நான்கு கமாண்டர்கள்

மயிலாப்பூர்,
12-2-1978

அன்பு மகள் ஜஹனாராவுக்கு உன் அம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் காவலில் இங்கே நாங்கள் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் பினாங்கில் நோய்நொடி இல்லாமல் இருக்க அவனையே நம்பியிருக்கிறேன். உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது, உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. மழைக்காலத்தில் பிடித்த இளைப்பு இப்போதுதான் கொஞ்சம் விட்டிருக்கிறது. உன் தம்பி அன்வர் பாஷா டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போட்டுக் கூட்டிவந்தான். அவன் பெண்சாதி அஸ்மத்துன்னிசாவுக்கு இது ஏழாம் மாதம், கால் வீங்கிக் கிடக்கிறது, உப்பைக் குறைத்துக்கொள் என்றால் தலையாட்டிவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிறாள். நம் இரும்புக் கடை பரவாயில்லை. கதவுக்குப் போடுகிற கீல், கொண்டி எல்லாம் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் நேராகவே செய்து வாங்குகிறான், உன் அத்தா மாதிரியே கணக்காகப் பேசுகிறான்.

நம் வீட்டு வாசலில் மிலிட்டரி ஜீப் நின்றதாக, கப்பலில் வந்தவர் யாரோ சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். நின்றது உண்மைதான் கண்ணு. இந்த ஆறு வருஷமாக உன்னிடம் பாதிதான் சொல்லி வந்தோம். வாக்கப்பட்ட வீட்டில் உனக்குத் தலைகுனிவு வரக்கூடாது, பிள்ளையிடம் ஒன்றும் எழுதாதே என்று உன் அத்தா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இப்போது முழுவதும் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, மறைக்க இனி ஒன்றுமில்லை.

உன் அண்ணன் வலியுல்லா இருந்த விமானப் படைப் பிரிவுக்கு ஸ்க்வாட்ரன் என்று பெயர், அதற்குத் தலைவராக ஒரு கமாண்டர் இருப்பார் என்று அவன் லீவில் வந்தபோது சொன்னது உனக்கு நினைவிருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருவர் மாறுவார்களாம். அவன் போன நாளிலிருந்து அந்த நாற்காலியில் நாலு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். நமக்கு வந்த நல்லது கெட்டது எல்லாம் அந்த நாற்காலியில் இருந்துதான் வந்தது.

முதல் ஆள் தேஷ்முக், பம்பாய்ப் பக்கத்துக்காரர். எழுபத்தொன்று டிசம்பர் சண்டையில் வலியுல்லா ஓட்டிப் போன விமானம் திரும்பவில்லை என்று தந்தி கொடுத்தவர் அவர்தான். அடுத்த கோடையில் அவரே டாக்ஸி பிடித்து நம் வீட்டுக்கு வந்தார். நீ அப்போது தலைப்பிள்ளையோடு பினாங்கில் இருந்தாய். நெடுநெடுவென்று இருந்தார், காதோரம் நரைத்திருந்தது. டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அத்தா ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் அன்வரைப் பிடித்து, அவன் விழுந்ததை இவர் பார்த்தாரா கேள் என்றேன். அன்வர் இங்கிலீஷில் கேட்டான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் புகையைப் பார்த்தேன், அதற்கு மேல் பார்க்கவில்லை என்றார். அப்படியானால் பாராசூட் குடையில் குதித்திருப்பான் இல்லையா, உயிரோடு இருப்பான் இல்லையா என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். இருக்கலாம் என்றார். அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. அழுதுகொண்டே சிரித்தேன், உள்ளே ஓடி அல்வா எடுத்து வந்து வைத்தேன். அவர் தொடவில்லை. புறப்படும்போது அத்தாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி நின்றார், பிறகு சொல்லாமலே டாக்ஸியில் ஏறிவிட்டார்.

அந்த வருஷக் கடைசியில் பாகிஸ்தானில் பிடிபட்ட கைதிகள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். பேப்பரில் போட்ட பெயர்களை அன்வர் படிக்கப் படிக்கக் கேட்டோம், நம் பிள்ளை பெயர் இல்லை. ஆஸ்பத்திரியில் இருப்பான், அடுத்த தடவை அனுப்புவார்கள் என்று அத்தா எனக்குச் சொன்னார், நான் அவருக்குச் சொன்னேன். சில மாதத்தில் தேஷ்முக்கும் பயிற்சியில் விமானம் விழுந்து இறந்துபோனார், பேப்பரில் மூலையில் போட்டிருந்தது. வலியுல்லாவைத் தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டாரே என்று அவருக்காகவும் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் பேச்சு கிளம்பியது. எங்கே ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. கடைக்கு வழக்கமாக வருகிற கொத்து மேஸ்திரி ஒருவன், நாலு பேர் நிற்கும்போது அத்தாவிடம், "இன்னா பாய், உம் புள்ள அங்கியே குந்திக்கினானாமே, அவுங்க ரேடியோல பேசறானாம், எங்காளு ஒர்த்தன் கேட்டுக்கினு கீறான்" என்று சிரித்திருக்கிறான். அத்தா கையில் இருந்த தராசை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு வாரம் கழித்து மப்டி போலீஸ்காரர் இரண்டு பேர் வந்து மரியாதையாகத்தான் உட்கார்ந்து கேட்டார்கள். கராச்சிக்குப் போன அத்தாவின் தம்பி, உன் சின்னத்தா, என்ன தொழில் செய்கிறார், பெருநாளைக்குக் கடிதம் போடுவாரா, வலியுல்லா அவரைப் பற்றிப் பேசுவானா என்று. உன் சின்னத்தா தோல் வியாபாரத்துக்கு அங்கே போனபோது வலியுல்லா பால்குடி மறக்காத பிள்ளை. அதைச் சொன்னோம். எழுதிக்கொண்டு போனார்கள். தெருவில் யாரும் கல்லெறியவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் குழாயடிக்குப் போனால் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு, வாங்க பாயம்மா, நீங்க முதல்ல புடிச்சிக்குங்க என்று இடம் விடுவார்கள். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாவது கமாண்டர் லாஹிரி, வங்காளி. சண்டையிலும் பயிற்சியிலும் இறந்தவர்கள் பெயரை எல்லாம் ஸ்க்வாட்ரனில் பலகையில் எழுதி வைத்தார்கள், அதில் நம் பிள்ளை பெயர் இல்லை என்று கேள்விப்பட்டு அத்தா அன்வரைக் கூட்டிக்கொண்டு வடக்கே ரயிலேறினார். பூட்டு வாங்க அலிகர் போகிறார் என்று உனக்கு எழுதினேனே, அது இதுதான். வாசல் காவலில் காலையிலிருந்து பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். மத்தியானம் லாஹிரியே வெளியே வந்தாராம். தண்ணீர் கொடுக்கச் சொன்னாராம், உள்ளே வாருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. விசாரணை முடியாமல் பெயர் எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்றாராம். செத்தவன் என்று எழுதுங்கள், அல்லது உயிரோடு இருக்கிறான் என்று தேடுங்கள், இரண்டும் இல்லாமல் இது என்ன, உங்களோடு பறந்தவனை நீங்களே இப்படி நினைக்கலாமா என்று அத்தா கேட்டிருக்கிறார். அதற்கு அவர், நான் உங்கள் மகனைப் பார்த்ததே இல்லை என்றாராம். அன்வர் அதைத் தமிழில் சொன்னதும் அத்தா எழுந்து, அந்த மனுஷருக்கு சலாம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார்.

அங்கிருந்து வந்தவர் பழைய ஆளாக வரவில்லை ஜஹனாரா. லஸ் கார்னர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். கடையில் முன்னால் உட்காராமல் உள்ளே ஆணிச் சாக்குகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பகலிலும் விளக்குப் போட வேண்டிய இடம் அது. எழுபத்தைந்தில் ஒருநாள் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து, நெஞ்சு அடைக்கிறது, கொஞ்சம் வெந்நீர் கொடு என்றார். நான் அடுப்பை மூட்டுவதற்குள் முடிந்துவிட்டது. உனக்கு ரத்தக் கொதிப்பு என்று எழுதினோம். ரத்தக் கொதிப்பும் இருந்தது.

மூன்றாவது கமாண்டர் யார் என்று எனக்குத் தெரியாது. அத்தா மவுத்தான செய்தியைச் சொல்லி, இனியாவது ஒரு முடிவு சொல்லுங்கள் என்று அன்வர் எழுதினான். இரண்டு வரி பதில் வந்தது. இரங்கல் ஒரு வரி, விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி. கையெழுத்து யாருக்கும் படிக்க வரவில்லை.

போன மாதம் ஜீப்பில் வந்தவர்தான் நாலாவது ஆள். பொன்னப்பா என்று பெயர், குடகுக்காரர். முன்பு தாம்பரத்தில் வேலை பார்த்ததால் தமிழ் பேசுகிறார். சண்டையின்போது இவரும் அதே ஸ்க்வாட்ரனில் இருந்தவர், அன்றைக்கு தேஷ்முக், இவர், வலியுல்லா, அந்தச் சண்டையிலேயே பிறகு இறந்துபோன இன்னொருவர் என்று நாலு விமானமாகப் போயிருக்கிறார்கள். சண்டை முடிந்த கையோடு இவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், அப்புறம் எங்கெங்கோ மாற்றல், இங்கே நடந்தது ஒன்றும் காதுக்கு எட்டவில்லையாம். போன வருஷம் கமாண்டராகத் திரும்பி வந்திருக்கிறார். ஆபீஸ் சுவரில் இரண்டு பலகை. ஒன்றில் கமாண்டர்களாக இருந்தவர்கள் பெயர், அதில் கடைசியில் இவர் பெயரைப் புதிதாக எழுதியிருந்தார்களாம். இன்னொன்றில் இறந்தவர்கள் பெயர். தேஷ்முக் பெயர் இரண்டிலும் இருந்தது, வலியுல்லா எதிலும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, அந்தக் கேஸ் வேறு சார் என்று இழுத்தார்களாம். "நான் பாத்தேம்மா. அவன் விழுந்தத நான் பாத்தேன். ஒருத்தரும் என்னைக் கேக்கவே இல்ல" என்று அந்த மனுஷர் நம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். டெல்லி வரைக்கும் போய் எழுதிக் கொடுத்து, அலைந்து, பெயரை எழுத வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அத்தாவின் கையைப் பிடித்துச் சொல்ல வந்தாராம். அன்வர் எழுதிய கடிதம் இவர் கண்ணில் படவே இல்லையாம், அத்தா இல்லை என்பது நம் வாசலுக்கு வந்துதான் தெரியும்.

தேஷ்முக்கும் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தார் என்றார். உடல் கிடைக்காததால் காணவில்லை என்றுதான் முதலில் எழுதுவார்களாம், பெற்றவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு அதைத் திருத்தி எழுதுகிறேன் என்று வந்தாராம் அவர். "திரும்பி வந்து எனக்கு எழுதினார், அந்தம்மா மூஞ்சியப் பாத்துட்டு என்னால முடியல பொன்னப்பா, அடுத்த லீவுல போய் சொல்றேன்னு." அடுத்த லீவுக்கு அவர் இல்லை. அந்த மனுஷர் என்மேல் இரக்கப்பட்டுச் சொன்ன ஒரு சொல், உன் அத்தாவைக் கொண்டுபோய் அந்த வாசல் பெஞ்சில் உட்கார வைத்தது. அவரைக் கோபித்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன், அல்வாத் தட்டோடு ஓடி வந்த என் முகம்தான் முன்னால் வருகிறது.

பிறகு பொன்னப்பாவிடம், என் பிள்ளைக்கு வலித்திருக்குமா தம்பி என்று கேட்டேன். "இல்லம்மா, ஒரு நொடிதான், அவனுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். சொல்லும்போது அவரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து உள்ளே போனேன். அடுக்களைத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அதற்குப் பின்னால் நின்று, இப்ப நான் உங்க கண்ணுல படல தம்பி, நடந்ததை நடந்தபடி சொல்லிடுங்க, எனக்கு இன்னொரு தரம் காத்திருக்கத் தெம்பு இல்லை என்றேன். அன்வர் வேண்டாம்மா என்றான். பொன்னப்பா நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போடுவது கேட்டது. அப்புறம் சொன்னார். இறக்கையில் குண்டு பட்டு நெருப்புப் பிடித்ததாம். குதி குதி என்று தேஷ்முக் ரேடியோவில் கத்தினாராம். தலைக்கு மேலே ஒரு கண்ணாடி மூடி உண்டாம், அது திறந்தால்தான் குதிக்க முடியும். "மூடி தெறக்கல பொன்னப்பான்னான். என்னைத்தான் கூப்ட்டான். ரெண்டு தரம் சொன்னான். அப்புறம் தரையில மோதிடிச்சும்மா." நான் திரையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். அஸ்மத்துன்னிசா அந்தப் பெரிய வயிற்றோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த மனுஷர் எழுந்து போகவில்லை, நான் வெளியே வரும் வரைக்கும் அங்கேயே இருந்தார். உண்மையைச் சொன்னதற்கு அவர் தலையில் கை வைத்து துஆச் செய்தேன்.

உடல் இல்லாமல் ஜனாஸாத் தொழுகை நம் மத்ஹப் வழக்கத்தில் இல்லை, யாசின் ஓதி துஆச் செய்யலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் அண்ணன் பெயரையும் அத்தா பெயரையும் சொல்லி துஆக் கேட்டார்கள். பொன்னப்பா அதற்காகத் தங்கியிருந்து, மெடல் எல்லாம் போட்டுக்கொண்டு, கச்சேரி ரோடு முழுக்கப் பார்க்கும்படி பள்ளிவாசல் வாசலில் வெயிலில் நின்றாராம். பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்களாம். அன்வர் அத்தாவின் கபுருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான், என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அந்த மேஸ்திரி இன்னமும் கடைக்கு வருகிறான். ஒன்றும் நடக்காதது போல ஆணி வாங்கிக்கொண்டு போகிறான். அன்வரும் நிறுத்துக் கொடுக்கிறான்.

நீ இதைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து அழாதே, மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள். சாப்பாட்டை விடாதே. சின்னவனுக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், நெஞ்சில் எண்ணெய் தடவிவிடு, ஐஸ் தண்ணீர் கொடுக்காதே. உங்கள் எல்லோருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் மனநிம்மதியையும் கொடுக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. துஆவில் அண்ணனைத் திருப்பிக் கொடு என்று கேட்பதை இனி விட்டுவிடு கண்ணு. அவனை மன்னித்து நல்ல இடத்தில் வை என்று கேள். முதலில் வாய் வராது, பழக்கத்தில் நாக்கு பழையதையே கேட்கும். எனக்கு இன்று காலையும் அப்படித்தான் ஆயிற்று, பாதியில் நிறுத்தி மறுபடி கேட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ஜைதூன் பீ