காரின் சிவப்புப் பொட்டு

1932 அக்டோபர் 10, திங்கள்

நேற்று ஆயுத பூசைக்கு என் வாடகைக் காரின் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு மாட்டினேன். பொட்டு மாதிரி எரிய வேண்டும் என்று ஆசை. எங்கள் ஊர் பெக்கோக்கில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். இன்று சிகாமட் சாலையில் போலீஸ்காரர் மறித்து லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். அவரிடம் கத்திவிட்டேன்.

ஸ்டேஷனுக்குப் போனால், அங்கே எழுத்து வேலை பார்க்கும் தமிழ்க் கிராணி சிரித்தார். "செவப்பு பின்னாலதான் எரியணும்லா. முன்னால வச்சா, வண்டி வருதா போவுதான்னு எதிர்ல வர்றவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?"

நாளைக் காலை விளக்கைக் கழற்றிவிட்டுக் காரைக் காட்டினால்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும்.

வீட்டில் என் மனைவி பார்வதி தடுத்தாள்.

"வச்ச பொட்ட அழிப்பாங்களா? நீங்க ஓட்டுற வண்டி அது."

அவள் சொல்லாமல் விட்டதும் எனக்குப் புரிந்தது. இருந்தாலும் ஸ்பானரை எடுத்துக் கழற்றினேன். தகரத்தில் இரண்டு ஓட்டைகள் அசிங்கமாகத் தெரிகின்றன. என் முட்டாள்தனத்துக்கு அடையாளமாக அவை இருக்கட்டும்.

இப்போது பார்த்தால், கார்ச் சாவிக்குப் பக்கத்தில் பார்வதியின் குங்குமச் சிமிழ் இருக்கிறது. விடிந்ததும் அந்த ஓட்டைகளுக்கு நடுவே அவளே வைக்கட்டும். எரியாத பொட்டை எந்தப் போலீஸ்காரர் மறிக்கிறார், பார்க்கிறேன்.